போரடிக்கிற பகுதி

டிவியில் அவளுடைய வயிறு ஓடிக்கொண்டிருந்தது.

வயிற்றின் உட்புறம்.

அவள் படுக்கையறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கதவு திறந்திருந்தது. கூடத்தில் அவள் கணவன், ஆஸ்பத்திரியில் கொடுத்த வீடியோவைப் போட்டு, தன் மேலாளருக்கும் அவர் மனைவிக்கும் விளக்கிக்கொண்டிருந்தான். புது ஃப்ளாட்டைச் சுற்றிக்காட்டுகிறவனின் குரல்.

"வயித்தக் கிழிக்கவே இல்ல சார். சின்னச் சின்னத் துளைதான். கேமராவ விட்டு, சிறுகுடல்ல இருந்த கட்டிய எடுத்துட்டாங்க. தழும்புகூடத் தெரியாது."

நேற்று வந்தவர்களிடமும் இதையே சொன்னான். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் அவன் கேட்டதும் தழும்பைப் பற்றித்தான்.

இரண்டு வருடமாக அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருக்கிறாள். உடம்பில் ரத்தம் குறைந்து குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறாள். அவன் கதவைத் தட்டி, ஆபீஸுக்கு நேரமாகிறது என்றான். கேஸ் என்றான். பூண்டு தின்னச் சொன்னான்.

"நல்லவேளை சார், சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே இருக்கிற ஆள் கொஞ்சமாவது பெரிதாக இருக்க வேண்டும்.

காலையில் புதுக்கோட்டையிலிருந்து அண்ணன் பேசினார். இரண்டு மாதம் இங்கே வந்து இரு என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் போனை வாங்கிக்கொண்டான்.

"துளைதானே மச்சான். நாலு நாள்ல எந்திரிச்சு சமைக்க ஆரம்பிச்சிருவா."

சிரிப்பு வேறு.

இப்போது கூடத்திலிருந்து கூப்பிட்டான். "செத்த எந்திரிச்சு வாயேன். சார் கிளம்புறதுக்குள்ள ஒரு காபி."

தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். அறை வாசலில் நின்றாள்.

திரையைப் பார்த்தாள்.

இதுவரை யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

இளஞ்சிவப்பாக, ஈரமாக, மினுமினுவென்று இருந்தது. மெலிந்த இரண்டு இரும்பு இடுக்கிகள் உள்ளே இருந்தன. ஒன்று குடலைச் சற்றே தூக்கியது. மற்றொன்று அதை வாங்கிக்கொண்டது. முதலாவது விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனது. திருப்பிப் பார்த்தது. பின்புறமும் பார்த்தது. மெல்லக் கீழே வைத்தது.

இன்னொரு கட்டி எங்காவது இருக்கிறதா என்று.

அவசரமே இல்லை.

"இது ரொம்ப நேரம் போவும் சார். முழுக் குடலையும் இப்படியே தடவிப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. செம போர். கட்டி வர்ற எடத்துக்குப் போயிரலாம்."

படம் தாவியது.

"பின்னாடி போங்க" என்றாள்.

அவன் திரும்பினான். "காபி?"

"அந்த எடத்த மறுபடி வைங்க."

அவன் மேலாளரைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். மேலாளர் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டார். அவர் மனைவி எழுந்து ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

அவள் உட்காரவில்லை.

படம் பின்னால் போனது. இடுக்கிகள் மறுபடி தொடங்கின. தூக்கி, பார்த்து, திருப்பி, பார்த்து, இறக்கி. அந்த டாக்டரின் முகம் அவளுக்குச் சரியாக நினைவில்லை. முகமூடிதான் நினைவிருந்தது. அவளுடைய ஒரு விரற்கடையைக்கூட அவர் விட்டுவிடவில்லை.

அவள் கணவன் கொட்டாவி விட்டான்.

அந்தப் பகுதி முடியும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

நாளைக்கே கார் எடுத்து வருவதாக அண்ணன் சொன்னார். இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி போதுமே, முன் சீட்டில் வைத்துக்கொள்ளலாம், நீ பின்னால் படுத்துக்கொண்டு வா என்றார்.

"டிக்கியக் காலி பண்ணிட்டு வாங்கண்ணே" என்றாள்.