எதிர்மூலைக் குரல்

பொலோன்யாவில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்தே எத்தோரேக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. தொர்த்தெல்லீனி சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். மனைவி ஒர்னெல்லா கோபுரத்தை அண்ணாந்து பார்த்து முடிப்பதற்குள் அடுத்த கடைக்கு நடந்துவிட்டான். டூரினில் வீட்டிலும் இப்படித்தான். இருவரும் முகம் பார்த்துப் பேசி எத்தனையோ நாளாயிற்று.

சதுக்கத்தை ஒட்டிய வளைவு மண்டபத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால் எதிர்மூலையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒர்னெல்லா அவனை எதிர்மூலைக்கு அனுப்பிவிட்டுச் சுவரோடு முகத்தை வைத்தாள்.

"என்னை விட்டுட்டுப் போகப்போறியா எத்தோரே? மறைக்காம சொல்லு."

"நான் போகல," என்றது அவன் குரல். "நீதான் போகப்போற. இப்ப உன் பின்னால ஒருத்தன் வருவான். அவன் நான் இல்ல. அவன்கூடப் போயிடாத."

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினாள். எத்தோரே சிரித்துக்கொண்டு நின்றான்.

"என்னைப் பத்தி சுவத்துக்கிட்ட கோள் மூட்டுறியா? வா, எங்கயாவது நிதானமா உக்காந்து சாப்பிடலாம். உன்கிட்ட நிறையப் பேசணும்."

கூட்டத்தின் நடுவே எதிர்மூலை தெரிந்தது. எத்தோரேயின் சாம்பல் நிறக் கோட்டோடு ஒருவன் சுவரைப் பார்த்தபடி இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் கையைப் பற்றியிருந்த விரல்கள் கதகதப்பாக இருந்தன. ஒர்னெல்லா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. எதிர்மூலையில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட வேண்டுமென்று அவள்தான் வேகமாக நடந்தாள்.