முன் சீட்டு

அநியாயம் நடந்தது பெற்றீசியாவுக்கு. வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிற பிள்ளையை வேனின் கடைசி சீட்டில் தள்ளிவிட்டு, முன் சீட்டை ஒரு ஆர்மிக்காரருக்குக் கொடுத்திருந்தார்கள்.

நுவரெலியாவில் அரசாங்க வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து பிடித்த வேன் அது. கொட்டகலையில் புறப்படும். ஓட்டுபவர் அந்தோனிமுத்து, வேனும் அவருடையதே. டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சீட்டு. அதில் கோப்ரல் விஜேகோன் சீருடையோடு விறைப்பாக உட்கார்ந்திருப்பார். முகாமில் லொறி ஓட்டுகிறவர் என்று அந்தோனிமுத்து சொல்லியிருந்தார். யாரோடும் பேச மாட்டார்.

முதல் நாள் உட்கார்ந்த சீட்டு கடைசிவரை அவரவருக்கே என்பது வேனின் வழக்கம். புதிதாகச் சேர்ந்தவள் பெற்றீசியா. மிச்சமிருந்தது கடைசி சீட்டு.

லிந்துலையில் அவளோடு ஏறும் வினோதா ஆஸ்பத்திரியில் கிளார்க். நானுஓயா வருவதற்குள் பெற்றீசியா சிலிசிலி பொலித்தீன் பேக்கில் முகம் புதைப்பதைத் தினமும் பார்த்தவள்.

"கந்தோருக்குப் போயி மேசையில ஒக்காந்தும் தலை நிமிர முடியலக்கா. இந்த மாசத்தோட வேலைய விட்டுடப் போறேன்" என்றாள் பெற்றீசியா.

அவளுடைய தோட்டத்து லயத்து வீடுகளில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். ஒரு சீட்டுக்காக அதை விடுவதா?

வினோதா டிரைவரிடம் கேட்டாள். அந்த சீட்டை மட்டும் கேட்காதீர்கள் என்றார் அந்தோனிமுத்து. காரணம் கேட்டால் ரோட்டையே பார்த்தார்.

"உடுப்பப் பாத்துப் பயமா அண்ணே? இல்ல, ரோட்டுல யாராச்சும் மறிச்சா காப்பாத்துவாருன்னா?"

தபால் கந்தோர் பொன்னையா பின்னாலிருந்து இருமினார். அந்தோனிமுத்து ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

பொன்னையாவுக்குப் பயம். பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கு என்றார். அவர் அரசாங்கம் என்றால் நாமும் அரசாங்கம்தானே, தபால் கந்தோர் என்ன தனி நாடா என்று வினோதா திருப்பிக் கேட்டாள்.

வியாழக்கிழமை வேன் லிந்துலையில் நின்றதும் நேரே போய் முன் கதவைத் திறந்தாள். சிங்களத்திலேயே சொன்னாள். இந்தப் பிள்ளைக்கு வருத்தம், வளைவுக்கு வளைவு வாந்தி, நீங்கள் திடகாத்திரமான ஆள், பின்னால் போனால் என்ன?

கோப்ரல் பெற்றீசியாவைப் பார்த்தார். உடனே இறங்கிப் பின்னால் போய்விட்டார். சண்டைக்குத் தயாராகி வந்த வினோதாவுக்குப் பாதிப் பேச்சு வாயிலேயே நின்றுவிட்டது.

அன்று ரதல்லை வளைவில் பெற்றீசியா பேசினாள். சிரித்தாள். அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு வரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

திடீரென்று பின்னாலிருந்து கூரையைத் தட்டும் சத்தம். வேன் நின்றதும் கோப்ரல் இறங்கி ஓடினார், சீருடையோடு, தேயிலைக்குள். குனிந்தவர் நிமிரவே இல்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள்.

வினோதா டிரைவரைப் பார்த்தாள். "இவருக்குமா?"

"சேர்ந்த அன்னைக்கே சொன்னாரு. உடுப்போட இருக்குறப்ப இத யாரும் பாத்துறக் கூடாதுன்னு கெஞ்சினாரு. வாக்குக் குடுத்துட்டேன்."

"முகாம்ல லொறி ஓட்டுறவருன்னு சொன்னீங்களே. அவருக்குத் தலை சுத்துமா?"

"ஓட்டும்போது சுத்தாது தங்கச்சி. இன்னொருத்தன் ஓட்டி, பின்னால உக்காந்தாத்தான் வயித்தப் பொரட்டும்."

"அத அன்னைக்கே சொல்லியிருந்தா ஒங்கள அப்படிப் பேசியிருப்பேனா?"

"என்னத்தானே பேசினீங்க. அவர இல்லையே."

வாதத்தில் வினோதா தோற்றது அபூர்வம்.

கோப்ரல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெற்றீசியா இறங்கி அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நீங்கள், இல்லை நீங்கள் என்று இரண்டு பேரும் நிற்க, பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"முடிவு பண்ணிச் சொல்லுங்க. எனக்குப் பென்ஷன் வர்றதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றார் பொன்னையா.

பெற்றீசியா விடுவிடுவென்று கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். இறங்கும்போது வினோதாவின் காதில் மட்டும் சொன்னாள்: "நாளைலேர்ந்து நா வரலக்கா."

மறுநாள் காலை வினோதா அவளை வீட்டிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தாள். இன்று ஒரு நாள் மட்டும் வா, ஏதாவது வழி பண்ணலாம் என்று. என்ன வழி என்று அவளுக்கே தெரியாது.

வேன் வந்து நின்றது. முன் சீட்டு காலியாக இருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கோப்ரல் விஜேகோன். பல் தெரியச் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதையே வேன் அன்றுதான் கண்டது.

"நகின்ன நங்கி" என்று பெற்றீசியாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஏறு தங்கச்சி என்கிறார் என்று பொன்னையா மொழிபெயர்த்தார், கேட்க ஆளில்லாவிட்டாலும்.

வேன் வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போனது. கோப்ரல் மெல்லப் பாட ஆரம்பித்தார். பெற்றீசியா கைதட்டித் தாளம் போட்டாள். இந்த மாசத்தோடு வேலையை விடுகிற முகமா அது?

தன் வேனைத் தூக்கி இன்னொருவர் கையில் கொடுத்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று வினோதா திரும்பினாள்.

கடைசி சீட்டில் அந்தோனிமுத்து ஜன்னலோடு ஒட்டிக் கிடந்தார். முகம் வெளிறியிருந்தது. மூக்கில் மோந்துகொள்ளத் தோடம்பழத் தோல்.

"என்ன அண்ணே, ஒங்களுக்குமா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார் அந்தோனிமுத்து:

"பின்ன, நா எதுக்குத் தங்கச்சி டிரைவர் ஆனேன்?"