முகமூடிக்காரனின் முறைப்பெண்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹட்டனிலிருந்து வாடகை வீடியோ டெக் வந்தால், தேயிலைத் தோட்டத்து லயத்தில் இங்கிலீஷ் படத்துக்குத் தமிழில் கதை சொல்வது சுகந்தன்தான். அன்றைக்கு, முகமூடிக்காரன் கோடரியோடு அலையும் படத்தின் நாலாம் பாகம்.

"ரெண்டாம் பாகத்துல எரிஞ்சு செத்தானே, எப்படிடா வாறான்?" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த கங்காணி சூசைரட்ணம்.

"முறைப்பொண்ணக் கட்டாம அவன் கட்டை வேகாதுங்க."

"மூணாம் பாகத்துல வேற எவனோதானே வெட்டினான்?"

"அது இவனுக்காகப் பொண்ணு கேட்டுப் போன சித்தப்பாங்க."

"அந்தப் பொண்ணு 'சிஸ்டர்'ங்குதே, அப்ப இவனுக்குத் தங்கச்சியா?" என்றாள் பக்கத்து வீட்டு ஐவி.

"அது ஆஸ்பத்திரி, அக்கா. நர்ஸைக் கூப்பிடுது."

"அதுக்கு எதுக்குடா ஊரையே வெட்டுறான்?" என்றார் சூசைரட்ணம்.

"தாய்மாமன் பொண்ணு தர மாட்டேன்னுட்டாரு. பாவம், வேற என்னங்க செய்வான்?"

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஐவி முகமூடிக்காரனுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சூசைரட்ணம் எழுந்து சுகந்தனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னும் எத்தனை பாகம்டா இருக்கு?"

"ஆறு, மாமா. எல்லாத்துக்கும் ஹட்டன்ல சொல்லி வச்சிருக்கேன்."

சுவரில் சாத்தியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் சுகந்தனின் கவ்வாத்துக் கத்தியை அவர் ஒருதரம் பார்த்தார்.

"போதும்டா. எந் தங்கச்சிய, அதான் ஒங்கம்மாவ, வெத்தலைத் தட்டோட வரச் சொல்லு. எம் மக டிலுக்ஷிய ஒனக்கே குடுத்துர்றேன்."

உள்ளேயிருந்து ஐவி அலறினாள். "ஐயோ சுகந்தா, அந்தப் பொண்ணு அவனைச் சுடுறாளே!"

"சுடலக்கா, கல்யாணம் கூடிருச்சு. அது வெடி!"