காசில் இருக்கும் ஆள்

ஓட்டமாக வந்து கதவைச் சாத்தினான் நாணயச்சாலை அச்சுவெட்டி. தாழ்ப்பாளும் போட்டான்.

"என்னண்ணே, நாய் துரத்துச்சா?" கழுதைச் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்த தம்பி சிரித்தான்.

அச்சுவெட்டி அடுப்படிக்குப் பாய்ந்து, இரு கை நிறையக் கரியை அள்ளி வந்து தம்பியின் முகத்தில் அப்பினான்.

"ஐயையோ, இவருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு!" மனைவி அலறினாள். "ராஜாவைத் தேடுறவங்க கழுதை ஓட்டுற உங்க தம்பியை எதுக்குங்க பிடிக்கப் போறாங்க?"

ஊர் முழுக்க அதே பேச்சு. பட்டமேறிய சூடு ஆறுவதற்குள் ரோமப் பேரரசரை அவருடைய படையே கவிழ்த்துவிட்டது. தப்பியவர் இந்த ஊரில்தான் பதுங்கியிருக்கிறாராம். தலைக்குப் பரிசு.

தெருவின் இரண்டு முனையிலும் சிப்பாய்கள். வீடு வீடாக ஆண்களை இழுத்துப்போட்டார்கள். தாடையைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினார்கள். கன்னத்தருகே ஒரு தங்கக் காசைப் பிடித்து, காசையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நாணயச்சாலையில் அச்சுவெட்டி வெட்டிக்கொடுத்த அச்சில் அடித்த காசு.

கதவு பிளந்தது.

அச்சுவெட்டியின் தாடையைத் திருப்பிப் பார்த்த சிப்பாய், காறித் துப்பிவிட்டு அவனைத் தள்ளினான். அடுத்து தம்பி.

"இவன் என்னடா, அடுப்புக்குள்ளயா குடியிருக்கான்?"

பானைத் தண்ணீரை அப்படியே முகத்தில் வீசினான். கரி வழிந்து இறங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திக் காசைத் தூக்கினான்.

காசின் ஒரு பக்கம் சிறகு விரித்த வெற்றித் தேவதை. அவள் யாருக்கு வேண்டும்? மறுபக்கம், இலைமுடி சூடிய தலை. நெற்றியிலிருந்து நேரே இறங்கி நுனியில் வளையும் மூக்கு. கொஞ்சம் முன்தள்ளிய கீழுதடு.

சிப்பாய் இரண்டாவது முறை பார்க்கவில்லை. வாளை உருவினான்.

"ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லுண்ணே!"

"ஐயா, அது ராஜா மூஞ்சியே இல்லைங்க..." அச்சுவெட்டி காலில் விழுந்தான். சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சில வாரங்களுக்கு முன், இப்போது தேடப்படும் இதே பேரரசர் பட்டமேறிய செய்தி வந்த அன்றே, இருட்டுவதற்குள் அவர் முகத்தோடு காசு வேண்டும் என்று உத்தரவு. நாணயச்சாலையில் அவரைப் பார்த்தவர் எவருமில்லை. படமும் வரவில்லை. உளியும் கையுமாக விழித்தபடி அச்சுவெட்டி நிமிர்ந்தான்.

சாப்பாடு கொண்டுவந்த தம்பி எதிர்ச்சுவரில் சாய்ந்து, ஒரு பக்க முகம் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.