மகளிர் வெற்றிக் கோப்பை

மகளிர் அணி உலகக் கோப்பையை வென்ற அதே வாரத்தில், அதைக் கொண்டாடக் குமாரபாளையத்தில் கிரிக்கெட் போட்டி அறிவித்துவிட்டார் தறிப்பட்டறை முதலாளி குமரகுரு.

“சௌந்தர்யா, உன் டீம் புள்ளைங்க அத்தன பேரும் ஞாயித்துக்கெழம வந்துரோணும். நீங்க இல்லாம விழாவே இல்ல, சாமி!”

“வந்தர்றோமுங்க பெரியப்பா!”

எப்போதும் பையன்கள் ஆடி முடித்த பிறகுதான் சௌந்தர்யாவின் அணிக்கு ஊர் மைதானம் கிடைக்கும். ஊர் பார்க்க ஓர் ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அவளும் தோழிகளும் முள் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து ஆடுகளத்தைத் தயார் செய்தார்கள். “பேட்டத் தூக்கிட்டுத் திரிஞ்சா எவன் கட்டுவான்?” என்று திட்டும் அம்மா கமலவேணிகூட வெள்ளை உடுப்பைத் துவைத்துக் கொடுத்தாள்.

ஞாயிறன்று மைதானத்தில் எட்டு அணிகள் நின்றன. எல்லாம் ஆண்கள்.

“பெரியப்பா, எங்க மேட்ச் எப்பங்க?”

குமரகுரு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“மேட்ச்சா? ஏஞ்சாமி, பேண்ட் போட்டுட்டு வந்து நிக்கற? ஓடிப்போய் எல்லாரும் சேலை கட்டிட்டு வாங்க. டீமுக உள்ள வாரப்ப ஆரத்தி எடுக்கோணுமில்ல?”

அவள் கையிலிருந்த பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“அந்தப் பேட்ட இப்படிக் குடு. தட்டப் புடிக்க ரெண்டு கையும் வேணும்.”