சீதனப் பள்ளிக்கூடம்

“பள்ளிக்கூடத்தையே மோளுக்குச் சீதனமாய்க் குடுத்திட்டார்!”

சந்தியில் வண்டியை நிறுத்தி மார்க்கண்டர் இப்படிச் சொன்னதும், கடையடியில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வண்டிக்குள் இருந்த அவர் மகள் குணலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியப் பயிற்சியை முதலாம் தரத்தில் முடித்துவிட்டு இரண்டு வருடமாக அடுப்படியில் நிற்கிறாள். சாவகச்சேரிப் பக்கம் புதுப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள் என்றதும் எவ்வளவு ஆசைப்பட்டாள்! கடைசியில் வேலை போனது யாருக்கு? பள்ளிக்கூட மனேச்சர் சிவசுப்பிரமணிய முதலியாரின் மகள் மீனாம்பிகைக்கு. பயிற்சியில் இவளுக்குக் கீழே வந்தவள்.

“பெரிய இடத்துப் பிள்ளைக்குப் படிப்பென்னத்துக்கு அண்ணை?” என்றார் கடைக்காரப் பஞ்சலிங்கம். “விடாதையுங்கோ. நேரை போய்க் கேளுங்கோ.”

“கேக்கத்தானே போறன்!”

பள்ளிக்கூடம் என்பது தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டகைதான். வாசலில் நின்ற முதலியார் நாற்காலியைக் காட்டினார்.

“நான் இருக்க வரேல்லை, நியாயம் கேக்க வந்தனான். உங்கடை மோளுக்கு என்ன தகுதி? நீங்கள் தகப்பன் எண்டதை விட்டால்?”

குணலட்சுமிக்கு உடம்பு கூசியது. அப்பு இப்படியா கேட்பார்?

முதலியாருக்குக் கோபமே வரவில்லை.

“உங்கடை பிள்ளை நாளைக்கே வரட்டும். மீனாம்பிகை விலகியிடுவா.”

சண்டைக்கு வந்த மார்க்கண்டர் அந்த நாற்காலியிலேயே அமர்ந்துவிட்டார். குணலட்சுமிக்கோ நிலத்தில் கால் நிற்கவில்லை.

“வகுப்பையும் பாத்திட்டுப் போங்கோ,” என்றார் முதலியார்.

உள்ளே நீளமான மரப்பலகை வாங்குகளில் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மீனாம்பிகை அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஒரு சிறுமியின் கையைப் பிடித்துச் சிலேட்டில் ‘அ’ எழுதிக்கொண்டிருந்தாள்.

மார்க்கண்டர் அந்தச் சிறுமியை உற்றுப் பார்த்தார்.

“உது எங்கடை வளவிலை பனை ஏறுறவன்ரை பெட்டையெல்லோ! வாங்கிலை இருக்குது?”

“ஓம். இஞ்சை எல்லாருக்கும் ஒரே வாங்கு. ஒரே குடத்துத் தண்ணி.”

“உதுகளை நிலத்திலை இருத்தினால் என்ன?”

“சமமாய் இருத்தச் சொல்லி அரசாங்க உத்தரவு. உத்தரவு இல்லாட்டிலும் நான் நிலத்திலை இருத்த மாட்டன்.”

“என்ரை பிள்ளை உதுகளைத் தொட்டுப் படிப்பிக்கிறதோ? பிறகு இவளை ஆர் கட்டுவான்?”

முதலியாரின் குரல் தாழ்ந்தது.

“வேலைக்கு வாங்கோ எண்டு நான் கேட்டுப் போன வீடுகளிலையும் இதைத்தான் சொன்னவை. ஆரும் வரேல்லை. அதுக்குப் பிறகுதான் என்ரை பிள்ளையைக் கேட்டனான். அவவுக்குப் பேசி முடிச்ச கலியாணம் போன கிழமை குழம்பிப் போச்சு.”

குணலட்சுமி மீனாம்பிகையைப் பார்த்தாள். அவள் தலை நிமிராமல் அடுத்த எழுத்துக்குப் போய்விட்டாள். ‘அ’ எழுதி முடித்த சிறுமி மட்டும் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, வாங்கைத் தட்டிக் காட்டினாள்.

“இதிலை இருங்கோ ரீச்சர்.”

யாரும் குணலட்சுமியை இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“அப்பு... நான் வாறன் அப்பு. இஞ்சை படிப்பிக்கிறன்.”

“வாயை மூடிக்கொண்டு வண்டியிலை ஏறு!”

வழி முழுக்கக் குணலட்சுமி அழுதுகொண்டே வந்தாள். சந்தி வந்தது. கடையடிக் கூட்டம் அப்படியே காத்து நின்றது.

“என்ன மார்க்கண்டண்ணை, வேலை தந்தவரோ?” என்று ஓடி வந்தார் பஞ்சலிங்கம்.

அழுது சிவந்த குணலட்சுமியின் கண்களைக் கண்டு எல்லோரும் ‘உச்’சுக் கொட்டினார்கள்.

மார்க்கண்டர் தோள் சால்வையை உதறிப் போட்டார்.

“அவர் தருவாரே? பள்ளிக்கூடத்தையெல்லோ மோளுக்குச் சீதனமாய்க் குடுத்திட்டார்!”