குடும்பப் பொறுப்பு

விசாரணைக்கு வந்திருந்த வக்கீல் பரிமளா, நிர்வாகம் கொடுத்த பதிலைச் சத்தமாகப் படித்தார். திருச்சியிலிருந்து வந்தவர். எங்கள் கல்லூரியில் அவருக்கு யாரையும் தெரியாது.

'பேராசிரியை பிரகதீஸ்வரிக்குப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். படுத்த படுக்கையாக மாமியார். இவ்வளவு குடும்பப் பொறுப்பு உள்ளவருக்குத் துறைத் தலைவர் பதவி சுமையாகும் என்பதால், அடுத்த நிலையிலுள்ள அரவிந்த்குமாருக்கு அது வழங்கப்பட்டது.'

என்மேல்தான் எத்தனை கரிசனம்.

பெண் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்று நான் புகார் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. வேதியியல் துறையில் நான்தான் சீனியர். இருபத்தொரு வருஷ சர்வீஸ். அரவிந்த்குமார் என்னைவிட இரண்டு வருஷம் பிந்திச் சேர்ந்தவர்.

அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மூன்று மாதமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதவி போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அவர் சேர்ந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது.

பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுகிறேன் என்று பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சியதில், அமிலம் நாக்கில் பட்டுவிட்டது. லேப் முழுக்கச் சிரிப்பு. நான்தான் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கொப்பளிக்க வைத்து, என் டிபன் பையிலிருந்த மோரைக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து திருமயம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் அவருடைய கைக்குட்டை கிடக்கும். எனக்காகத்தான். மூன்று வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை. பஸ் புதுக்கோட்டைக்குள் நுழையும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

அந்த மனுஷனை நான் எவ்வளவு நம்பினேன்.

கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவர் எனக்கு சார், நான் அவருக்கு மேடம். அது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். இன்றுவரை மாறவில்லை.

பரிமளா ஃபைலிலிருந்து நிமிர்ந்தார்.

"சார், மேடத்துக்கு இருக்கிற மாதிரி வீட்டுப் பொறுப்பு எதுவும் உங்களுக்குக் கிடையாதா?"

செயலர் தொண்டையைச் செருமினார். முதல்வர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் இருவருக்கும் பதில் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயால் வரட்டும் என்றிருந்தேன். வராவிட்டால் என் புகார் மட்டுமல்ல, அந்தக் கைக்குட்டையும் பொய்யாகிவிடும்.

மூடியைத் திருகுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்தார்.

"படுக்கையில கெடக்கறது என்னையப் பெத்த ஆத்தாங்க. இன்னைக்கும் அதுக்குக் கஞ்சி குடுத்துட்டுத்தான் பிரகதி வந்துச்சு."